கிடங்கு வாயில் உட்கார்ந்தவள்

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம். மீன்பிடித் தடைக்காலம் முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் உரசிக் கட்டிக் கிடந்தன. ஒரு பக்கம் பெயின்ட் அடிக்கிறார்கள், ஒரு பக்கம் வலை பின்னுகிறார்கள். கப்பலில் நிலக்கரி வந்து இறங்குகிற கீழவாஞ்சூர் பக்கமிருந்து காற்று திரும்பினால் நிலக்கரித் தூசி வந்து புதுப் பெயின்டில் ஒட்டுகிறது, அதற்கு ஒரு வசவு. அடுத்த மாதம் மாங்கனித் திருவிழா. முதல் மீன் இறங்கி விற்றால்தான் பிள்ளைகளுக்குப் புதுத்துணி என்று எல்லோர் கையிலும் ஒரு அவசரம். அப்படி ஒரு காலையில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இதில் எழுத்து என்னுடையது, காலும் கொம்பும் சரிபார்த்தது என் மருமகள். ஆனால் திருமலைராயன்பட்டினத்தில் ஆரம்பித்துக் காரைக்கால் வரைக்கும் என்னைத் தெரியாத படகுக்காரன் கிடையாது. ஐஸ் சுமக்கிற கூலியாக இந்தத் துறைக்கு வந்தவன் நான். தலையில் சாக்கு, சாக்குக்கு மேல் ஐஸ் பாளம், காலுக்குக் கீழே ஆடுகிற பலகை. அப்படி ஓடியவன் பெயரில் இன்றைக்கு ஒரு ஐஸ் ஃபேக்டரி நிற்கிறது, இரண்டு விசைப்படகு ஓடுகிறது. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

என் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஐஸ் பிடித்துப் பழகிய கை. வழுக்குகிற பொருளையே வாழ்நாளெல்லாம் பிடித்தவனுக்கு மற்றதெல்லாம் லேசு. வயசுக் காலத்தில் கயிறு இழுக்கிற போட்டியில் என் பக்கம் நின்ற கூட்டம் தோற்றதில்லை. அறுபது தாண்டிய பிறகும் துறையில் இளவட்டங்கள் என்னிடம் கை மடக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்துக்கொண்டு போவார்கள். என் பிடியில் சிக்கியது எதுவும் நழுவியதில்லை என்று அன்றைக்குக் காலை வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

என் படகுக்கு அடுத்து ஒரு பழைய படகு நின்றது. சொந்தக்காரர் ஊரில் இல்லை. தடைக்காலத்துக்கு முன்னால் கடைசியாகப் போய் வந்தபோது, கோழித் தீவனத்துக்குப் போகிற கழிசல் மீனை நிறைய அள்ளி வந்திருந்தார்கள். படகின் வயிற்றில், மீனும் ஐஸும் கொட்டி வைக்கிற கிடங்கு ஒன்று இருக்கும். ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் அதன் வாய். மீனை இறக்கிய அவசரத்தில் கிடங்கைச் சரியாகக் கழுவாமல், வெயிலில் பலகை வெடிக்கக் கூடாதென்று வாயை மூடி, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். தடைக்காலம் முழுக்க அதை யாரும் திறக்கவில்லை. உள்ளே தங்கின மீனும் உருகின ஐஸ் தண்ணீரும் சேர்ந்து என்னவாக மாறியிருக்கும் என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

அன்றைக்கு அதைக் கழுவ வந்தவர் எங்கள் ஆள் இல்லை. திருநள்ளாறு பக்கத்து விவசாயக் குடும்பம். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் கூலிக்காகத் துறைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவர். நீந்தத் தெரியாது. அதை வைத்து எங்கள் ஆட்கள் ஓயாமல் கேலி செய்வார்கள்.

“வயக்காட்டாரே, குனிஞ்சு நாத்து நடப் போறீங்களா? பாத்து, நண்டு கால புடிச்சிடப் போவுது.”

“புடிச்சா கொளம்பு வச்சிடுறேன். நீங்க சோறு மட்டும் கொண்டாங்க” என்று சிரித்துக்கொண்டே வாளியோடு இறங்கினார்.

வாளி விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் படகிலேயே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர்தான் முதலில் எட்டிப் பார்த்தது. கருக்களாச்சேரிப் பிள்ளைகள். அப்பன் இல்லாதவர்கள், மீன் விற்கிற அம்மா வளர்த்தவர்கள். பெரியவன், சின்னவன் என்றே எழுதுகிறேன். சின்னவன் எங்கள் துறையிலேயே பேர் பெற்ற முக்குளிப்பவன். நடுக்கடலில் படகுக்கு அடியில் சுழல்கிற விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கி அறுத்துவிட்டு வருவான். அவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனையை மேலே பெரியவன் பிடித்திருப்பான். வேறு யார் கையிலும் சின்னவன் கயிற்றைக் கொடுக்க மாட்டான்.

இதில் ஒரு முறை இருக்கிறது. கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால்தான் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். சுண்டாமல் இழுத்தால் கத்தி படும், வலையில் மாட்டுவான். இன்னொன்று, வேலை முடிந்து ஏறி வருகிறவனுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது. தானே விளிம்பைப் பிடித்து ஏறுவதுதான் முக்குளிப்பவனுக்கு மரியாதை. கை நீட்டினால் சின்னவன் முறைப்பான். “என்னா, நான் கெழவனாயிட்டனா?” என்பான்.

என் படகின் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த நான், கூச்சல் கேட்டு அடுத்த படகுக்குத் தாவி வந்து சேர்ந்தபோது, சின்னவன் சட்டையைக் கழற்றி அண்ணன் தோளில் போட்டுவிட்டான். இடுப்பில் கயிறு ஏறிவிட்டது. ஒரு கால் கிடங்குக்குள் இருந்தது.

“டேய், எறங்காத! உள்ள காத்து கெட்டுப் போயிருக்கு!” என்று கத்தினேன். எனக்கு அது தெரியும். என் ஃபேக்டரியில் ஒருமுறை அமோனியா கசிந்து, எருமை மாதிரி பலமுள்ள ஒருத்தன் என் கண் முன்னால் சுருண்டு விழுந்து, பிழைத்தது மறுபிறவி மாதிரி. கெட்ட காற்று ஆளின் பலத்தைப் பார்ப்பதில்லை.

சின்னவன் சிரித்தான். “கடலுக்கு அடியில மட்டும் காத்து இருக்கா என்னா மாமா? தம் கட்டிட்டு எறங்குனா முடிஞ்சிது. டீ சொல்லி வைங்க, சக்கர தூக்கலா.”

கன்னத்தை உப்பிக்கொண்டு இறங்கிவிட்டான்.

கடல்காரன் மட்டுமே செய்கிற தப்பு அது. தண்ணீருக்குள் நாமும் லேசு, தூக்குகிற ஆளும் லேசு. அடக்கின மூச்சு தாங்கும். கிடங்குக்குள் முழங்கால் சேற்றில் நின்று ஒரு முழு ஆளைப் புரட்டித் தூக்குவது வேறு வேலை. நெஞ்சு தானாக ஒரு மூச்சு கேட்கும். ஒரே ஒரு மூச்சு இழுத்தால் போதும்.

வயக்காட்டார் வெளிச்சம் படாத கோடியில் கிடந்தார். சின்னவன் அந்தப் பக்கம் நகர்ந்து மறைந்தான். கயிறு மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. பிறகு நெளியாமல் கிடந்தது.

“இழுடா” என்றேன்.

“சுண்டல மாமா.”

“இழுடாங்குறேன்!”

அப்போது கயிறு சுண்டியது. இரண்டு முறை. பெரியவன் முகத்தில் உயிர் வந்தது. நான், அவன், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். “கனக்குதுடா, ரெண்டு பேரும் வர்றானுவோ!” என்று ஒருத்தன் சந்தோஷத்தில் கத்தினான்.

வந்தது வயக்காட்டார் மட்டும். கயிறு அவர் அக்குளுக்குக் கீழே சுற்றியிருந்தது. முடிச்சு சின்னவன் போடுகிற முடிச்சு. தன் இடுப்பிலிருந்து அவிழ்த்து அவர் நெஞ்சில் கட்டி அனுப்பியிருக்கிறான்.

அவரைப் படுக்க வைத்து ஒருத்தன் நெஞ்சை அமுக்கினான், ஒருத்தன் வாயில் ஊதினான். உடம்பு ஒரு முறை எக்கி, இருமி, மூச்சு வந்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிடங்கு வாயை யாரும் பார்க்கவில்லை. சின்னவன் தானே ஏறி வருவான், யாரும் கை கொடுக்கக் கூடாது. அப்படியே எங்களுக்குப் பழகியிருந்தது. அவன் ஏறி வந்து டீ கேட்கப்போகிறான் என்றே என் மனசும் நினைத்தது. கரையில் யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள், டீக்கடை ஆள் கிளாஸோடு வந்து நிற்கிறார். அவர்தான் கேட்டார், “சக்கர தூக்கலா கேட்டது யாருங்க?”

பெரியவன் திரும்பினான். தோளில் தம்பி சட்டை. “தம்பி?” என்றான். பதில் இல்லை. பாய்ந்தான்.

கிடங்கு வாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது அவனை நான் பிடித்தேன். பின்னாலிருந்து இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினேன். துள்ளினான்.

“விடுங்க மாமா! தம்பி உள்ள கெடக்கான்!”

“எறங்குனா நீயும் கெடப்ப.”

“கயிறு கட்டிட்டு எறங்குறேன். சாஞ்சா இழுத்துடுங்க. அம்புட்டுதான!”

“கட்டுவ. உள்ள போயி அவுத்து அவனுக்குக் கட்டுவ. உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?”

அவன் ஒரு கணம் சும்மா நின்றான். இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத பயல். அந்தக் கணத்தில்தான் எனக்கு நிச்சயமானது, இவனை விட்டால் இவனும் வர மாட்டான் என்று.

அதற்குள் அக்கம்பக்கத்துப் படகுகளிலிருந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ தீயணைப்புக்குப் போன் செய்தார்கள். நான் பெரியவனைப் பிடித்த பிடி விடாமலே சத்தம் போட்டு வேலை வாங்கினேன். கிடங்கின் முன்பக்கத்தில் ஆள் நுழைய முடியாத சின்ன மூடி ஒன்று உண்டு, அதை உடைக்கச் சொன்னேன், காற்று போகட்டும் என்று. நீளக் கழியில் கொக்கி கட்டித் துழாவச் சொன்னேன். சின்னவன் வெளிச்ச ஓரம் வரை வந்துதான் விழுந்திருக்கிறான். ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. கொக்கி அவன் முதுகில் தொட்டது. ஆனால் அவன் சட்டை அண்ணன் தோளில் கிடந்தது. வெறும் உடம்பு. கொக்கி மாட்ட சதையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

“மாட்டுடா பரவால்ல, இழுடா” என்றேன். கழி பிடித்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு முறை அழுத்தினான். வழுக்கியது. கழியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

அப்போது ஒருத்தன் கத்தினான். “காலு அசையுது! உசுரு இருக்கு!”

அதன் பிறகு அந்தத் துறை துறையாக இல்லை. “அசையுதுய்யா, நான் பாத்தேன்!” “கெழவா, அவன விடு!” “கூடப் பொறந்தவன் போறேங்குறான், ஒனக்கு என்னா வலிக்குது?” “நாளைக்கு அவங்க ஆத்தா கேட்டா என்னா சொல்லுவ?” “ஒரு வயக்காட்டு ஆளுக்காவ நம்ம புள்ளய சாவ விடுறியா?” கடலில் ஒருத்தன் விழுந்தால் பார்த்தவன் குதிக்க வேண்டும். அது எங்கள் தர்மம், பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்தது. கூட்டம் அந்தத் தர்மத்தைத்தான் கத்தியது. நானும் அதே தர்மத்தில் பிறந்தவன்தான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “அம்புட்டு அக்கறை இருந்தா நீ எறங்குடா! இந்தா, வாய் தொறந்துதான் கெடக்கு. யாரு எறங்குறது? கைய தூக்கு!” என்றேன்.

ஒரு கையும் உயரவில்லை. தலைகள் குனிந்தன. அடுத்த நிமிஷமே மறுபடி கத்தினார்கள், “அவன விடு” என்று. யாருக்கும் இறங்க மனசில்லை. இறங்குகிற ஒருத்தனை அனுப்ப மட்டும் எல்லோருக்கும் மனசு இருந்தது.

பாதம் அசைந்ததா என்று நானும் பார்த்தேன். அதில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. அசைந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சத்தியமாக இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பெரியவன் என் மணிக்கட்டைக் கடித்தான். பல் எலும்பு வரை இறங்கியது. அவன் வேர்வை, என் ரத்தம். ஐஸைவிட வழுக்கியது. நான் சொன்னேனே, நழுவியதே இல்லை என்று. நழுவியது. ஒரு கை விடுபட்டுவிட்டது. இன்னொரு கையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாராவது உதவிக்கு வருவார்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

அப்போதுதான் அவர்களுடைய அம்மா வந்தாள். தலையில் கருவாட்டுக் கூடை. தடைக்காலத்தில் கருவாடு விற்றுத்தான் பிழைப்பு. கூடையை எங்கே இறக்கினாள் என்று தெரியாது. கூட்டம் விலகியது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். “பெரியவன விடச் சொல்லு ஆத்தா, உசுரு இருக்கு, காலு அசையுது.” பெரியவனும் கதறினான். “யம்மா, இந்த ஆள விடச் சொல்லும்மா! தம்பிம்மா!”

அவள் நேராக நடந்தாள். பலகையில் ஏறிப் படகுக்கு வந்தாள். கிடங்கு வாய் ஓரத்தில் குனிந்து உள்ளே பார்த்தாள். அந்தப் பாதத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்குப் பாதம் ஒன்று போதும். உதடு ஏதோ முணுமுணுத்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த வாய்க்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். இந்த விளிம்பில் உட்கார்ந்து அந்த விளிம்பில் கால் நீட்டி, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கை விட்டுப்போனது அந்த நேரம்தான். பெரியவன் பாய்ந்து போய் அவள் முன்னால் நின்றான்.

“நவுரும்மா.”

அவள் நகரவில்லை.

“யம்மா, நவுரு! அவன் செத்துடுவாம்மா!”

“என்ன மிதிச்சிட்டு எறங்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் விரல் பலகையை விடவில்லை. கடலில் எத்தனையோ பேருடைய பிடியைப் பார்த்தவன் நான், அப்படி ஒரு பிடியைப் பார்த்ததில்லை. அவன் அவள் மடியிலேயே முகத்தை மோதி மோதி அழுதான். அப்படியே சரிந்தான். நான் போய் மறுபடி அவனைப் பிடித்துக்கொண்டேன்.

தீயணைப்பு ஆட்கள் வர எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தாமதம் செய்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். முகத்தில் மூடி, முதுகில் சிலிண்டரோடு ஒருத்தர் ஏறி வந்தார். “எழுந்திரிங்கம்மா, நாங்க பாத்துக்குறோம்” என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அண்ணே, பெரியவன புடிச்சிருக்கீங்களா?”

“புடிச்சிருக்கேன்மா.”

“நல்லா புடிச்சிருக்கீங்களா?”

“ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கேன்மா.”

அதற்குப் பிறகுதான் பலகையை விட்டாள். தவழ்ந்து ஓரமாகப் போனாள்.

சின்னவனைத் தூக்கினார்கள். இடுப்பில் கயிறு இறுகிய தடம் அப்படியே இருந்தது. உயிர் இல்லை.

வயக்காட்டார் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஒரு நாள், அரிசி மூட்டையோடு கருக்களாச்சேரிக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அந்த அம்மா அரிசியைப் பார்க்கவில்லை. “உள்ள அவன் ஒங்ககிட்ட ஏதாவது சொன்னானா தம்பி?” என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு நெனவே இல்லம்மா. கயிறு கட்டுனதுகூடத் தெரியாதும்மா” என்றார். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அரிசி வேண்டாம் என்று கை காட்டினாள். அவர் மூட்டையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? தெரு முனையில் சின்னவன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், உயிர் கொடுத்த தியாகி என்று. அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே நின்றுகொண்டு அவன் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். “காத்து போற வாய அடச்சி உக்காந்துட்டா. பெத்தவளே கொன்னுட்டா.” என்னைப் பற்றியும்தான். என் முகத்துக்கு நேராகச் சொல்ல எவனுக்கும் தைரியமில்லை. அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

காரியம் முடிந்ததும் பெரியவன் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டினான். கோயில் வாசலில் நின்று, “என் தம்பிய இவருதான் சாவடிச்சாரு” என்று என்னைக் கை காட்டினான். பக்கத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த தன் அம்மாவைக் காட்டவில்லை, ஆனால் அவள் பக்கமும் திரும்பவில்லை. பஞ்சாயத்தார் கால் அசைந்ததா என்று விசாரித்தார்கள். அசைந்தது என்று பாதிப் பேர், இல்லை என்று பாதிப் பேர். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, எப்போது உயிர் போனது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். நான் எழுந்து, “நாளைக்கே இப்படி நடந்தாலும் புடிப்பேன்” என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அது எடுபடவில்லை.

பஞ்சாயத்தில் வயசான ஒருத்தர் கொஞ்சம் தயங்கி அந்த அம்மாவிடமே கேட்டார். “ஒரு வேள உசுரு இருந்திருந்தா, பெத்தவ நீ இப்படி உக்காரலாமா?”

அவள் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“சின்னவன் அவன் உசுர அவனா குடுத்தான். யாரையும் கேட்டுக் குடுக்கல. பெரியவன் உசுர நீங்க எல்லாரும் எங்கிட்ட கேட்டீங்க. நான் குடுக்கல.”

பஞ்சாயத்து அதோடு கலைந்தது. தீர்ப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை.

நான் அந்தப் பேச்சை எத்தனையோ முறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் யோசிக்கத் தெரியும், யோசித்துத்தான் முன்னுக்கு வந்தேன். பெரியவன் இறங்கியிருந்தால் அவனும் தானாகத்தானே இறங்குகிறான், அதுவும் தியாகம்தானே என்று என்னிடமே வாதம் செய்து பார்த்தேன். அப்புறம் அந்தக் கூட்டத்தின் முகங்கள் ஞாபகம் வரும். கை தூக்கச் சொன்னபோது குனிந்த தலைகள், உடனே மறுபடி அவனை விடச் சொல்லிக் கத்தின வாய்கள். சாவான் என்று தெரிந்தே ஒருத்தனுக்கு வழி விட்டுவிட்டு, அவன் படத்தையும் ஃப்ளெக்ஸில் போட்டிருப்போம். படம் இரண்டாகியிருக்கும், அவ்வளவுதான். அதற்கு என்ன பேர் வைத்தாலும் செய்தது நாங்களாகத்தான் இருந்திருப்போம்.

பெரியவன் இன்றைக்கும் அம்மா கையால்தான் சாப்பிடுகிறான். ஆனால் ரொம்ப காலம் அவளோடு பேச்சு இல்லாமலே சாப்பிட்டான். என்னோடு இன்றைக்கு வரைக்கும் பேச்சு இல்லை. எதிரில் வந்தால் மணிக்கட்டைத்தான் பார்ப்பான். பல் பதிந்த தழும்பு அங்கேதான் இருக்கிறது.

போன தடைக்காலம் முடிகிற சமயம் துறைக்குப் போயிருந்தேன். இப்போது ஒரு பெரிய விசைப்படகுக்கு அவன்தான் டிரைவர். அவன் படகின் கிடங்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். மூடி கழன்றதும் ஒருத்தன் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கப் போனான். பெரியவன் அவனைக் கையால் ஒதுக்கினான். போய் அந்த வாய்க்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். இந்த விளிம்பில் உட்கார்ந்து அந்த விளிம்பில் கால் நீட்டி, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, அச்சாக அவன் அம்மா உட்கார்ந்த மாதிரியே.

“என்னாண்ணே, வேலைக்கு நேரமாவுது” என்றான் வாளிக்காரன்.

“காத்து போவட்டும்.”

“எம்புட்டு நேரம்ணே?”

“நான் எந்திரிக்கிற வரைக்கும்.”

வெயில் அவன் முதுகில் ஏறியது. அவன் நகரவில்லை. நான் என் படகின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை. நானும் அவன் எழுந்திருக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

சின்னவன் தன் இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்தான், அது தியாகம். பெரியவனை நாங்கள் கூச்சல் போட்டு உள்ளே அனுப்பியிருந்தால் அது கொலை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தாய் கால் நீட்டி உட்கார்ந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதை, இந்த மணிக்கட்டைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.